பிரிந்து மீண்டும் சேர்ந்த பழைய ராக் குழுக்கள்: மேடையில் யார் கை ஓங்கி நிற்கிறது?

உங்கள் கேள்வி இது: ஈகிள்ஸ், த போலீஸ், லெட் செப்பெலின், க்ரீம், கன்ஸ் அண்ட் ரோசஸ் என்று பிரிந்துபோய்ப் பல வருடங்கள் கழித்து ஒன்றுசேர்ந்த ராக் குழுக்களில், மேடைக் கச்சேரி என்று பார்த்தால் யார் சிறந்தவர்கள்? கூடவே, பாடகர்களுக்கு வயதாகிக் குரல் இறங்கிவிட்ட பிறகு இப்படி ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டாவது பாதிதான் உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. அரங்கில் எழும் கைதட்டல் அன்றைய வாசிப்புக்கா, இல்லை முப்பது வருடம் முன்னால் வந்த இசைத்தட்டுக்கா? இதைப் பிரித்துச் சொல்ல முடியுமா? பெருமளவு முடியும் என்பதுதான் என் பதில்.

நான் பல வருடங்களாக மேடைக் கச்சேரிகளில் மிக்சர், அதாவது எல்லா ஒலிகளையும் கலக்கும் மேசை, முன்னால் நிற்கிறவன். டிரம்ஸ் மட்டும், பேஸ் மட்டும், குரல் மட்டும் என்று ஒரு குழுவைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்பது அந்த வேலையின் அன்றாடம். அப்படிக் கேட்டுக் கேட்டு எனக்குள் உறுதிப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். மீண்டும் சேர்ந்த குழுவை எடைபோடும்போது எல்லோரும் பாடகரைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் டிரம்ஸ். இன்னும் சரியாகச் சொன்னால், டிரம்மருக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது.

குரலை முதலில் முடித்துவிடலாம். வயது ஏறும்போது குரல்வளைக் குருத்தெலும்பு இறுகுகிறது, குரல் நாண்களின் நெகிழ்ச்சி குறைகிறது, மூச்சும் முன்போல நிற்பதில்லை. மேல் ஸ்தாயிதான் முதலில் போகும். ராக் பாடகர்களுக்கு இது கூடுதல் கொடுமை. இருபத்தைந்து வயதில் தொண்டை கிழியப் பாடிப் பதிவுசெய்த உச்ச ஸ்வரத்தை அறுபதிலும் அதே இடத்தில் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் இதற்கெல்லாம் பரிகாரம் உண்டு. சுருதியை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கலாம். கீபோர்டில் அதற்கு ஒரு பொத்தான் போதும். கிட்டாரில் தந்தியைத் தளர்த்த வேண்டும், ஒலி கொஞ்சம் தடித்துக் கனக்கும், அது சில பாடல்களுக்கு நன்றாகவே இருக்கும். எட்டாத ஸ்வரத்தைப் பின்பாட்டுக்காரர்களிடம் கொடுக்கலாம், கூட்டத்திடமே கொடுத்துவிடலாம். தொண்டைக்கு ஓய்வு வேண்டிய இடத்தில் நீண்ட கிட்டார் பகுதியை வைக்கலாம்.

ஜெனசிஸ் என்ற ஆங்கிலேய ராக் குழு 2021, 2022இல் செய்த கடைசிச் சுற்றுப்பயணம் இதற்கு நல்ல சாட்சி. முதுகெலும்புப் பிரச்சினையால் அதன் பாடகரும் டிரம்மருமான ஃபில் காலின்ஸால் டிரம்ஸ் வாசிக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, இறக்கிய சுருதியில், இரண்டு பின்பாட்டுக்காரர்களின் துணையோடு பாடினார். டிரம்ஸில் அவருடைய மகன் நிக் காலின்ஸ். பையன் வயது இருபது. காலின்ஸின் குரலை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் அந்தக் கச்சேரிகள் தேறாது. ஆனால் அப்பாவின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த கை அது. பழைய பாடல்களின் நடை அந்தக் கையில் அப்படியே இருந்தது. கீபோர்டில் டோனி பேங்க்ஸும் கிட்டாரில் மைக் ரதர்ஃபோர்டும் அந்த நடையின்மேல் கவலையில்லாமல் வாசித்தார்கள். 2022 மார்ச் 26 அன்று லண்டன் ஓ2 அரங்கில் முடிந்த அந்தப் பயணம் இசையாகவும் நின்றது, வெறும் பிரியாவிடையாக மட்டும் இல்லை.

டிரம்ஸுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஒவ்வொரு டிரம்மரும் அடியை வைக்கிற இடம் வேறு. ஒருவர் மயிரிழை முன்னால் வைப்பார், பாட்டு ஓடுகிற மாதிரி இருக்கும். இன்னொருவர் மயிரிழை தள்ளி வைப்பார், பாட்டு சாய்ந்து நடக்கும். சில மில்லிசெகண்ட் வித்தியாசம்தான். பேஸ் வாசிப்பவரும் கிட்டார் வாசிப்பவரும் வருடக்கணக்காகச் சேர்ந்து வாசித்து, யோசிக்காமலே அந்த இடத்துக்குத் தங்கள் கையைப் பழக்கியிருப்பார்கள். குழு பிரிந்து, ஒவ்வொருவரும் வேறு வேறு ஆட்களோடு இருபது வருடம் வாசித்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். பாட்டு நினைவிருக்கும், இடம் நினைவிருக்காது. சுருதியை இறக்குவது போல இதற்கு ஒரு குறுக்குவழி கிடையாது. சேர்ந்து வாசித்துத்தான் மீட்க வேண்டும்.

இதை லெட் செப்பெலின் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் குழு வேறு இல்லை. டிரம்மர் ஜான் பான்ஹம் 1980 செப்டம்பரில் இறந்தார், குழு அத்தோடு நின்றது. அதன் பிறகு உலகம் கவனித்த மூன்று மறுசேர்க்கைகள் நடந்தன. முதலாவது 1985 ஜூலை 13, ஃபிலடெல்ஃபியா ஜே.எஃப்.கே. ஸ்டேடியத்தில் லைவ் எய்ட் என்ற பஞ்ச நிவாரணக் கச்சேரி. டிரம்ஸில் இரண்டு பேர்: டோனி தாம்ஸனும் ஃபில் காலின்ஸும். காலின்ஸ் அதே நாளில் லண்டன் வெம்ப்ளியில் பாடிவிட்டு கான்கார்ட் விமானத்தில் பறந்து வந்தவர். ஒத்திகை என்று சொல்ல ஒன்றுமில்லை. பாடகர் ராபர்ட் பிளாண்டின் குரல் கரகரத்தது, ஜிம்மி பேஜின் கிட்டார் சுருதி சேரவில்லை, இரண்டு டிரம்மர்களும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு 2004இல் லைவ் எய்ட் டிவிடி வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்கக் குழுவே அனுமதி தரவில்லை.

இரண்டாவது 1988, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸின் நாற்பதாவது ஆண்டு விழா. இந்த முறை டிரம்ஸில் பான்ஹமின் மகன் ஜேசன். ரத்தம் சரி, நடை தெரியும், ஆனாலும் கச்சேரி தடுமாறியது. மூன்றாவது 2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2, அட்லாண்டிக்கை நிறுவியவர்களில் ஒருவரான அஹ்மத் எர்டகன் நினைவுக் கச்சேரி. மறுபடி அதே ஜேசன். பேஜுக்கு வயது 63, பேஸ் வாசிக்கும் ஜான் பால் ஜோன்ஸுக்கு 61, பிளாண்டுக்கு 59. பேஜின் விரல் முறிந்ததால் நவம்பரிலிருந்து தள்ளிவைக்கப்பட்ட கச்சேரி. சில பாடல்களைச் சுருதி இறக்கி வாசித்தார்கள், பிளாண்ட் பழைய உச்சங்களைத் தொட முயலாமல் பாட்டை வேறு வழியில் நடத்தினார். இரண்டு மணி நேரத்துக்கு மேல், 16 பாடல்கள். என் கணிப்பில் ஒரே ஓர் இரவு என்று எடுத்தால் ராக் இசையில் இதற்கு இணையான மறுசேர்க்கை நடந்ததில்லை.

1988க்கும் 2007க்கும் டிரம்மர் ஒருவரே என்பதைக் கவனியுங்கள். மாறியது இரண்டு விஷயம். ஜேசன் இப்போது 41 வயது ஆள், அப்பாவின் வாசிப்பை நகலெடுக்கும் கட்டத்தைத் தாண்டியவர். அதைவிட முக்கியம், நான்கு பேரும் வாரக்கணக்கில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து ஒத்திகை பார்த்திருந்தார்கள். 2012இல் வெளியான அந்தக் கச்சேரியின் படத்தைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அவ்வளவு பெரிய மேடையில் அவர்கள் பரவி நிற்கவில்லை. டிரம்ஸைச் சுற்றி நெருங்கி நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கிறார்கள். மேடை வேலை தெரிந்தவர்கள் இதைப் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள். பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் ஒலி உங்களிடம் வந்துசேர ஏறக்குறைய 30 மில்லிசெகண்ட் ஆகும். மற்றவர்களின் வாசிப்பைக் காதுக்குள்ளேயே கேட்கவைக்கும் மானிட்டர் இருந்தால் அந்தத் தாமதம் போய்விடும், ஆனால் எதிரில் இருப்பவரின் தோள் எப்போது அசைகிறது என்று எந்த மானிட்டரும் சொல்லாது.

அடுத்து த போலீஸ். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இதுதான், ஏனென்றால் இங்கே மறைக்க ஒன்றுமில்லை. 2007இல் கிராமி மேடையில் மீண்டும் சேர்ந்து, மே மாதம் வான்கூவரில் பயணத்தைத் தொடங்கி, 2008 ஆகஸ்டில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முடித்தார்கள். மேடையில் மூன்றே பேர். கூடுதல் கிட்டார் இல்லை, கீபோர்டு இல்லை, பின்பாட்டு இல்லை. மூன்று பேர் வாசிக்கும்போது ஒருவர் பிசகினால் அந்த ஓட்டையை மூட நான்காவது ஆள் கிடையாது. வான்கூவரில் இரண்டாவது கச்சேரி முடிந்ததும் டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லண்ட் இணையத்தில் எழுதியதைத் தேடிப் படியுங்கள். யார் எந்த இடத்தில் தாளத்தை விட்டார்கள், எந்தப் பாட்டு எப்படிக் குலைந்தது என்று தன் குழுவையே தயவில்லாமல் விமர்சித்திருந்தார். பயணம் தொடங்கி இரண்டாம் நாளில் இப்படி எழுத ஒரு கலைஞருக்கு நெஞ்சுரம் வேண்டும்.

அவர்களுக்குள் நடந்த இழுபறி காலப்பிரமாணம் பற்றியது. கோப்லண்டின் கை முன்னால் தள்ளும் கை. பேஸ் வாசித்தபடி பாடும் ஸ்டிங் இருபது வருடம் தன் சொந்தக் குழுவோடு, தான் சொன்ன வேகத்தில் வாசிப்பவர்களோடு பாடியவர்; பழைய பாடல்களின் சுருதியையும் நடையையும் மாற்ற விரும்பினார். கிட்டார் வாசிக்கும் ஆண்டி சம்மர்ஸ் அறுபதைத் தாண்டியவர், இருவருக்கும் நடுவில். தொடக்கக் கச்சேரிகளின் பதிவுகளில் சில பாடல்கள் தயங்கித் தயங்கி நடக்கின்றன. மாதங்கள் போகப் போக அந்த இழுபறியே இசையாகிவிட்டது. பிந்தைய கச்சேரிகளில் கோப்லண்ட் தள்ளுவதும் ஸ்டிங் பிடித்து நிறுத்துவதும் ஒரு விறைப்பைக் கொடுக்கின்றன, அந்த விறைப்புதான் 1970களின் இறுதியில் அவர்களைக் கேட்கவைத்ததும். ஆகவே த போலீஸ் நன்றாக வாசித்தார்களா என்று யாராவது கேட்டால், எந்த மாதத்தில் என்று திருப்பிக் கேட்பேன்.

க்ரீம் இதற்கு நேர் எதிர். 1968இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைபெற்றார்கள், 2005 மே மாதம் அதே மண்டபத்தில் நான்கு இரவுகள் வாசித்தார்கள். பேஸ் வாசித்துப் பாடும் ஜாக் புரூஸ் கல்லீரல் மாற்று அறுவை செய்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. டிரம்மர் ஜிஞ்சர் பேக்கருக்கு மூட்டு வலி. அறுபதுகளில் மலைபோல அடுக்கிய ஆம்ப்ளிஃபயர்களின் இரைச்சலில் வாசித்த கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன், இந்த முறை மிதமான ஒலியில் வாசித்தார். மனோதர்மமே உயிராக இருக்கும் குழுவுக்கு அது சரியான முடிவு. ஒலி தணிந்ததும் பேக்கரின் கை நுணுக்கங்கள், ஜாஸிலிருந்து வந்த அந்த உருட்டல்கள், எல்லாம் தெளிவாகக் கேட்டன. இளமையின் வெறி அதில் இல்லை, உண்மைதான். ஆனால் மூன்று பேரும் ஒருவரையொருவர் கேட்கிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கில் மூன்று இரவுகள் வாசித்தபோது பழைய ஒலிச் சண்டை திரும்பிவிட்டது. பேக்கர் அதைப் பிற்பாடு வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். ஐந்து மாத இடைவெளியில் அதே மூன்று பேர், அதே பாடல்கள், வேறு கச்சேரி. எனவே க்ரீம் மறுசேர்க்கையைப் பற்றி ஒரே தீர்ப்பாகச் சொல்கிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஈகிள்ஸ் பற்றி எழுதும்போது நான் என் ரசனையைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். 1980இல் மேடையிலேயே மிரட்டிக்கொண்டு பிரிந்தவர்கள், 1994இல் திரும்பினார்கள். அவர்களுடைய பலம் தாளத்தில் இல்லை, குரல்களின் அடுக்கில் இருக்கிறது. நான்கு ஐந்து குரல்கள் ஒரே மூச்சில் தொடங்கி ஒரே மூச்சில் முடிவது மேடையில் எவ்வளவு கடினம் என்று, அதை மிக்ஸ் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் ஒரு கணம் தாமதித்தாலும் மெய்யெழுத்து இரண்டு முறை கேட்கும். ஈகிள்ஸிடம் அந்தப் பிசிறு வருவதே இல்லை. 2016 ஜனவரியில், குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாடகர் கிளென் ஃப்ரை இறந்த பிறகு அவருடைய மகன் டீக்கனும் வின்ஸ் கில்லும் சேர்ந்தார்கள். அப்போதும் அடுக்கு கலையவில்லை. நம்பகத்தன்மை என்று மட்டும் கேட்டால் இவர்களுக்குத்தான் முதலிடம். எந்த ஊரில், எந்த இரவில் போனாலும் ஏமாறமாட்டீர்கள். எனக்குள்ள ஒரே மனத்தாங்கல், செவ்வாய்க்கிழமைக் கச்சேரிக்கும் புதன்கிழமைக் கச்சேரிக்கும் வித்தியாசம் தேடினாலும் கிடைக்காது. சிலருக்கு அதுவே சிறப்பு. டிக்கெட்டுக்குப் பெரும் பணம் கொடுத்தவர் இசைத்தட்டில் கேட்டதை அப்படியே நேரில் கேட்க விரும்பினால் அதைத் தவறு என்று சொல்ல முடியாது.

கன்ஸ் அண்ட் ரோசஸ் விஷயத்தில் பாதிக்குப் பாதி. பாடகர் ஆக்ஸல் ரோஸ், கிட்டார் வாசிக்கும் ஸ்லாஷ், பேஸ் வாசிக்கும் டஃப் மக்கேகன் மூவரும் 2016இல் மீண்டும் சேர்ந்தார்கள். தொடக்கத்திலேயே ரோஸின் கால் எலும்பு முறிந்து, ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவின் டேவ் க்ரோல் இரவல் கொடுத்த சிம்மாசன நாற்காலியில் உட்கார்ந்து பாட வேண்டியிருந்தது. அடுத்தடுத்த வருடங்களில் மூன்று மணி நேரம் வரை நீளும் கச்சேரிகள். முன்பு மணிக்கணக்கில் தாமதமாக வரும் மனிதர் இப்போது நேரத்துக்கு மேடையேறினார். ஸ்லாஷின் கிட்டார் எல்லா இரவிலும் தரமாக இருந்தது. ரோஸின் மேல் ஸ்தாயி சில இரவுகளில் மெலிந்து, கீச்சென்று போய்விடும். எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது அது இல்லை. முதல் இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்த ஸ்டீவன் ஆட்லரின் துள்ளல் நடை, ஓரிரு பாடல்களுக்கு அவர் விருந்தாளியாக வந்துபோன சில இரவுகளைத் தவிர, அந்த மேடையில் இல்லை. பின்னால் வாசித்த ஃபிராங்க் ஃபெரர் உறுதியான கை, ஒரு தவறும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த ஆரம்பகாலப் பாடல்கள் துள்ளலில் பிறந்தவை. அதை உறுதியால் ஈடுகட்ட முடியாது.

சில குழுக்களை இந்த ஒப்பீட்டில் சேர்ப்பதே நியாயமில்லை. பிங்க் ஃப்ளாய்ட் 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில், குழுவை விட்டுப் போயிருந்த ரோஜர் வாட்டர்ஸோடு 24 வருடம் கழித்துச் சேர்ந்து, சில பாடல்கள் மட்டும் வாசித்தார்கள். அருமையாக இருந்தது. ஆனால் இருபது நிமிடச் சொச்சம் நன்றாக வாசிப்பது வேறு, இரண்டு மணி நேரம் வாசிப்பது வேறு. பிளாக் சபாத் 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க்கில் பழைய டிரம்மர் பில் வார்டையும் சேர்த்துக்கொண்டு நால்வராக நான்கு பாடல்கள் வாசித்தது விடைபெறும் சடங்கு. பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் உட்கார்ந்தபடியே பாடினார், 17 நாள் கழித்து இறந்துபோனார். அதற்கு மதிப்பெண் போட எனக்கு மனம் வராது. 1997 டிசம்பரில் அதே நால்வரும் பர்மிங்காமில் வாசித்த கச்சேரிகளை வேண்டுமானால் எடைபோடலாம், அங்கே வார்டின் அசைந்தாடும் கை இருக்கிறது. 2012இலிருந்து அவர் இல்லாமல் வாசித்தபோது எல்லாம் துல்லியமாக இருந்தும் அந்த ஜாஸ் சாயல் காணாமல் போனது காதில் உறைக்கும்.

நீங்கள் குறிப்பிடாத ஒரு குழுவை நான் சேர்க்க வேண்டும்: த ஸ்டூஜஸ். 1974இல் சிதறியவர்கள், 2003இல் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா இசை விழாவில் திரும்பினார்கள். பாடகர் இக்கி பாப்புக்கு அப்போது 56 வயது. கிட்டாரும் டிரம்ஸும் ஆஷ்டன் சகோதரர்கள் ரானும் ஸ்காட்டும். அண்ணன் தம்பி ஒன்றாகக் கற்றுக்கொண்ட தாளம் அது, எத்தனை வருடம் விட்டாலும் கலையவில்லை. பாடல்களும் கைத்திறனைச் சோதிப்பவை அல்ல. ஒரே இசைத் துணுக்கை வளையம்போல விடாமல், சலிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்க வேண்டியவை. வயது அதற்குத் தடையாகாது. 2009 ஜனவரியில் ரான் இறக்கும்வரை நடந்த கச்சேரிகளை, பலர் அவர்களுடைய இளமைக்காலக் கச்சேரிகளுக்குச் சமமாகவே வைக்கிறார்கள். அந்தக் காலப் பதிவுகள் சொற்பம் என்பதால் இதை நிரூபிக்க முடியாது, ஆனால் நானும் அந்தப் பக்கம்தான்.

இவ்வளவு உறுதியாகப் பேசினாலும் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்றும் சொல்லியாக வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இந்தக் கச்சேரிகளைப் பதிவாகத்தான் கேட்கிறோம். அதிகாரபூர்வமாக வெளிவரும் கச்சேரிப் பதிவில் ஸ்டூடியோவில் திருத்துவது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். பிசகிய ஸ்வரத்தைச் சீராக்குவார்கள், இரண்டு இரவுகளில் நல்லதை எடுத்து ஒட்டுவார்கள், குரலை மறுபடி பாடியும் சேர்ப்பார்கள். எது எவ்வளவு திருத்தப்பட்டது என்று வெளியிலிருந்து கேட்டு அடித்துச் சொல்ல முடியாது. குரலைவிட டிரம்ஸை நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். குரலைத் தனியாகப் பிரித்துத் திருத்துவது எளிது. டிரம்ஸின் ஒலி மேடையிலுள்ள எல்லா மைக்குகளுக்குள்ளும் கசிந்திருக்கும், அதை மாற்றினால் தடயம் விட்டுப்போகும். கூட்டத்திலிருந்து ஒருவர் கைபேசியில் எடுத்த பதிவு கேட்க மோசமாக இருந்தாலும் ஒரு விதத்தில் அதுதான் நேர்மையான சாட்சி. ஆனால் அதிலும் குரல் எப்படி இருந்தது என்று தீர்ப்பு சொல்லாதீர்கள், பக்கத்தில் நிற்பவரின் கத்தல்தான் பாதி இருக்கும். தாளத்தை மட்டும் கேளுங்கள்.

இன்னொரு சந்தேகம், பின்னணியில் ஓடும் முன்பதிவு ஒலிகள் பற்றியது. இன்று பெரிய மேடைகளில் இது சாதாரணம். அப்படி ஓடும்போது டிரம்மர் காதுக்குள் கிளிக் சத்தத்தைக் கேட்டு வாசிப்பார், வேகம் ஒரு துளியும் மாறாது. ஒரு பாட்டு கோரஸில் இயல்பாகவே கொஞ்சம் வேகமெடுத்து, மறுபடி தணிந்தால் அங்கே கிளிக் இல்லை என்று ஓரளவு நம்பலாம். இசைத்தட்டின் வேகத்தோடு மட்டும் ஒப்பிட்டு முடிவுக்கு வராதீர்கள். பல குழுக்கள் இளமையிலேயே மேடையில் இசைத்தட்டைவிட வேகமாக வாசித்தவர்கள்.

ஆகவே உங்கள் பட்டியலுக்கு என் வரிசை இப்படி. ஒரே இரவு என்றால் 2007 லெட் செப்பெலின். சில நாள் தொடர் என்றால் க்ரீமின் லண்டன் கச்சேரிகள். நீண்ட பயணத்தில் வளர்ந்து முதிர்ந்தவர்கள் என்றால் த போலீஸ். தவறாத தரம் என்றால் ஈகிள்ஸ். கன்ஸ் அண்ட் ரோசஸ் இவர்களுக்குப் பின்னால்தான், ஆனால் ஸ்லாஷுக்காகப் போகிறவர்களைத் தடுக்கமாட்டேன்.

இனி ஏதாவது குழு மீண்டும் சேர்வதாக அறிவித்து நீங்கள் டிக்கெட் வாங்க யோசித்தால், முதலில் டிரம்ஸில் யார் என்று பாருங்கள். பழைய ஆளா, புதியவரா, புதியவர் என்றால் இவர்களோடு எவ்வளவு காலமாக வாசிக்கிறார் என்று விசாரியுங்கள். பயணத்தின் முதல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு மாதமாவது போன பிறகு வரும் தேதி நல்லது, ஆனால் அடுத்தடுத்து மூன்று நாள் கச்சேரி இருந்தால் மூன்றாவது நாள் வேண்டாம், பாடகரின் தொண்டை களைத்திருக்கும். ஸ்டேடியமும் உள்ளரங்கும் இரண்டும் கிடைத்தால் உள்ளரங்கை எடுங்கள். ஸ்டேடியத்தில் எழுபது மீட்டர் பின்னால் நின்றால் மேடையின் நேரடி ஒலி கால் செகண்டுக்குக் கொஞ்சம் குறைவான தாமதத்தில் வரும். திரையில் டிரம்மரின் கை விழுந்த பிறகுதான் அடி காதில் கேட்கும், நடுவில் கூடுதல் ஸ்பீக்கர் வைத்திருந்தாலும் அந்தப் பிரிவு முழுதாகப் போகாது. உள்ளரங்கில் பக்கவாட்டு இருக்கைகளைவிட, மிக்சர் வைத்திருக்கும் இடத்துக்கு முன்னாலோ பக்கத்திலோ கிடைக்கிற இடத்தை வாங்குங்கள். கச்சேரியின் ஒலி முழுக்க அங்கே நிற்கிறவரின் காதுக்கு ஏற்றபடிதான் அமைக்கப்படுகிறது.